கை உயர்த்தியவர்கள் எத்தனை பேர்

சலவைக் கடையில் அழுக்குத் துணியை வாங்கிக்கொண்டு டோக்கன் கிழித்துக் கொடுக்கிற வேலை அவளுக்கு. மாலை வகுப்பில் சேர்ந்த முதல் நாள், பக்கத்து நாற்காலிக்காரர் மரியாதைக்கு "என்ன வேலை பாக்குறீங்க?" என்று கேட்டார். எந்தத் துணிக்கு எந்த நிற டோக்கன், சட்டைக் காலரில் எங்கே குத்துவது, தொலைத்தால் என்ன செய்வது என்று அவள் பத்து நிமிடம் விளக்கினாள். அன்றைக்கே அவளுக்கு டோக்கன் என்று பெயர் விழுந்துவிட்டது.

பெயர் வைத்த பக்கத்து நாற்காலிக்காரர் ஒரு பேருந்து ஓட்டுநர். கழுதை பேசுவது மாதிரிப் பேசினார் என்றால் பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருளுவார்கள். அவருக்குக் குறிப்பெடுக்கும் பழக்கம் கிடையாது. டோக்கனுக்கோ குறிப்பெடுக்காவிட்டால் மூச்சு முட்டும்.

சபைக் கட்டடத்தின் கீழ்த்தளக் கூடத்தில் செவ்வாயும் வெள்ளியும் ஆறரை முதல் எட்டரை வரை வகுப்பு. ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஆசைப்படுகிறவர்களுக்குப் பன்னிரண்டு வாரப் பயிற்சி. கதையை எப்படிச் சொல்வது, வசனத்தை எப்படி மனப்பாடம் செய்விப்பது, ஒரே கத்தரிக்கோலுக்கு இரண்டு பேர் அடித்துக்கொண்டால் என்ன செய்வது, எல்லாம் அதில் உண்டு. நடத்துகிறவரை எல்லாரும் பிரதர் என்றே கூப்பிட்டார்கள். பகலில் மருந்துக் கடை வேலை. மாத்திரை எண்ணுகிற விரல்களால் பிள்ளைகளுக்குக் காகித ஆடு வெட்டிக் கொடுப்பார்.

டோக்கனின் நோட்டில் ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று கட்டங்கள். கற்றது, புரியாதது, நான் செய்த தப்பு. மூன்றாவது கட்டம்தான் முதலில் நிரம்பும். "இன்று கேள்வி கேட்கக் கை தூக்கினேன். பிரதர் என்னைப் பார்த்ததும் இறக்கிவிட்டேன்" என்கிற மாதிரி.

பயிற்சியின் முடிவில் ஒவ்வொருவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை நிஜப் பிள்ளைகளுக்கு நிஜ வகுப்பு எடுக்க வேண்டும். பிரதர் பின்வரிசையில் மதிப்பீட்டுத் தாளோடு உட்கார்ந்திருப்பார். ஓட்டுநர் முதல் தடவையிலேயே தேறி, பதின்ம வயதுப் பிள்ளைகளின் சாயங்கால வகுப்பை வாங்கிக்கொண்டார். டோக்கன் தேறவில்லை. புயலில் மாட்டிய படகின் கதையை அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, கதைப் படங்களை ஒட்டிக் காட்டுகிற துணிப்பலகையிலிருந்து காகிதப் படகு பொத்தென்று கீழே விழுந்தது. "மூழ்கிடுச்சு!" என்று ஒருவன் கத்த, வகுப்பே எழுந்து குதித்தது. அதற்குப் பிறகு கதையில் யாரும் கரை சேரவில்லை.

இன்னும் ஒரு வாய்ப்பு இருந்தது. ஒன்றே ஒன்று. ஏழு முதல் ஒன்பது வயதுப் பிள்ளைகளின் ஆசிரியை மாத முடிவில் கணவரோடு வேறு ஊருக்குப் போகிறார். டோக்கன் தேறினால் அந்தப் பதினான்கு பேரும் அவளுக்கு. தேறாவிட்டால் அவர்களை மேல்மாடியில் பெரிய பிள்ளைகளோடு சேர்த்துவிடுவார்கள். அங்கே இந்தக் குஞ்சுகளுக்கு வாயைத் திறக்கக்கூட இடம் கிடைக்காது. அந்தப் பதினான்கு பேரின் பெயர், வயது, யாருக்கு எந்தப் பல் விழுந்திருக்கிறது என்பதுவரை டோக்கனின் நோட்டில் இருந்தது.

அந்த நோட்டில்தான் கணக்கு உதைத்தது.

ஞாயிறு பள்ளிப் பாடத்தின் கடைசிப் பகுதிக்கு 'அழைப்பு' என்று பெயர்; அதற்குப் பிறகு கைவேலையும் பிஸ்கட்டும்தான். ஆசிரியை குரலைத் தாழ்த்தி, "எல்லாரும் தலையைக் குனிஞ்சு கண்ணை மூடிக்குங்க. யாரும் யாரையும் பாக்கக் கூடாது. இயேசுவை உங்க மனசுக்குள்ள கூப்பிடணும்னு நினைக்கிறவங்க மட்டும் மெதுவா கையைத் தூக்குங்க" என்பார். பின்வரிசையில் இருக்கும், பயிற்சி பெறுகிறவர் எத்தனை கைகள் என்று எண்ணி, ஒரு சீட்டில் எழுதிப் பிரதரிடம் கொடுக்க வேண்டும். பிரதர் அதை வாசலில் தொங்கும் பெரிய அட்டையில் ஒட்டுவார்.

ஐந்து வாரமாக எண்ணுகிற வேலை டோக்கனுக்கு. பதினொன்று, பன்னிரண்டு, பதினொன்று, பதின்மூன்று, பன்னிரண்டு. அட்டையில் ஐம்பத்தொன்பது என்று பளிச்சென்று எழுதியிருந்தது. போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று பார்த்து ஸ்தோத்திரம் சொல்லிவிட்டுப் போனார்கள்.

டோக்கன் நின்று பார்த்தாள். வகுப்பில் இருப்பதே பதினான்கு பேர்.

முதலில் தன்மேல்தான் சந்தேகம் வந்தது. பக்கத்து வகுப்புப் பிள்ளைகளையும் சேர்த்து எண்ணிவிட்டோமோ? நோட்டைப் புரட்டினாள். கடைப் பழக்கத்தில், எண்ணிக்கையோடு யார் யார் என்றும் அவள் எழுதி வைத்திருந்தாள். எண்ணிக்கை சரி. நெட்டையன் என்று கூப்பிடப்படும் பையன் ஐந்து வாரமும் கை தூக்கியிருந்தான். பெரும்பாலானவர்கள் நான்கோ ஐந்தோ. ஒரே ஒரு பெயருக்கு எதிரே ஐந்து வாரமும் வெற்றிடம். அது மிளகு.

செவ்வாய்க்கிழமை வகுப்பு தொடங்குமுன் ஓட்டுநரிடம் மெல்லப் பேச்சுக் கொடுத்தாள்.

"அண்ணே, ஒரே பிள்ளை அஞ்சு தடவை கை தூக்கினா அது அஞ்சு பேரா, ஒரு ஆளா?"

"இறங்கிட்டுத் திரும்ப ஏறினா திரும்ப டிக்கெட் எடுத்துத்தானே ஆகணும்?"

"விளையாடாதீங்கண்ணே. நிஜமாக் கேக்குறேன்."

"நிஜமா எனக்குத் தெரியாதும்மா. எண்ணச் சொன்னாங்க, எண்ணினோம். நீ ஒருத்திதான் முகவரி வாங்கி வச்சிருக்க."

அன்றிரவு 'புரியாதது' கட்டத்தில் அவள் எழுதினாள்: "ஏன் தூக்குகிறார்கள்?" எழுதியபின் அசட்டுத்தனமாகத் தோன்றியது. அடித்தாள். பிறகு அடித்ததற்கு மேலேயே மறுபடி எழுதினாள்.

அடுத்த ஞாயிறு கைவேலை நேரத்தில் பசை டப்பாவை நீட்டிக்கொண்டே ஒவ்வொருவராகக் கேட்டாள். மிரட்டுகிற மாதிரி இருக்கக் கூடாது என்று தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"எல்லாரும் தூக்குவாங்கக்கா," என்றான் ஒருவன்.

"கண்ணை மூடியிருக்கியே, எல்லாரும் தூக்குறாங்கன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"சட்டை சரசரங்கும்."

பக்கத்தில் இருந்த சிறுமி இன்னும் நேர்மையாக இருந்தாள். "கை தூக்கலேன்னா டீச்சர் இன்னொரு தடவை கேப்பாங்க. அப்புறம் இன்னொரு தடவை. சீக்கிரம் தூக்கினா சீக்கிரம் பிஸ்கட்."

மூன்றாவது ஒருத்தன் அதை வருகைப் பதிவு என்றே நினைத்திருந்தான். நான்காமவள், "நான் தம்பியை அடிச்சுட்டேன், அதான் திரும்பவும்" என்று சொல்லிவிட்டு அழத் தயாரானாள். அவளுக்குக் காகித ஆட்டின்மேல் ஒட்டக் கூடுதலாக ஒரு பஞ்சு உருண்டை கொடுத்துச் சமாதானம் செய்யவேண்டியதாயிற்று. நெட்டையன் மட்டும் எதுவும் சொல்லாமல் காகிதத்தை மடித்துக்கொண்டே இருந்தான்.

மிளகு ஓரத்து மேசையில் ஆட்டுக்குக் கண் வரைந்துகொண்டிருந்தாள். எட்டு வயது. உருவம் சிறிது, பேச்சு காரம், அதனால் வீட்டில் வைத்த பெயர். பிரதர் பயிற்சி வகுப்பின் ஜெபக் குறிப்பில் இந்தப் பிள்ளையின் பெயரைத் தனியாக எழுதி, "கடின மனம் இளக வேண்டும்" என்று போட்டிருந்தார். டோக்கன் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"மிளகு, ஒண்ணு கேக்கவா? நீ மட்டும் ஏன் கை தூக்குறதே இல்ல?"

மிளகு தலையைத் தூக்கவில்லை. "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

டோக்கன் பசை டப்பாவை மேசையில் வைத்தாள்.

"யாரும் யாரையும் பாக்கக் கூடாதுன்னு டீச்சர் சொன்னாங்கல்ல," என்றாள் மிளகு. "முதல் வாரம் நான் லேசாத் திறந்து பாத்தேன். நீங்க பேனாவை நீட்டி நீட்டி எண்ணிக்கிட்டு இருந்தீங்க. டீச்சரும் பாத்துக்கிட்டு இருந்தாங்க. கழுதை மாதிரிப் பேசுற அந்த அண்ணன்கூட."

"அது வந்து... நாங்க பெரியவங்க..."

"பெரியவங்க பாக்கலாம்னு சொல்லலையே."

சொல்லவில்லைதான். டோக்கன் பசை டப்பாவின் மூடியைத் திருகினாள். அது ஏற்கெனவே இறுக்கமாகத்தான் இருந்தது.

மிளகு ஆட்டின் இரண்டாவது கண்ணையும் முடித்துவிட்டு, குரலை இறக்கிச் சொன்னாள். "நான் எப்பவோ கூப்பிட்டுட்டேன்க்கா. வீட்டுல. குளியலறையில."

"குளியலறையிலயா?"

"அங்கதானே தாழ்ப்பாள் இருக்கு. நிஜமாவே யாரும் பாக்க முடியாது."

"எப்போ?"

"முன்பல்லு விழுந்த அன்னைக்கு." பிறகு சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள். டோக்கனின் கை தானாக நோட்டை எடுத்திருந்தது. "எழுதாதீங்க. அட்டையில ஒட்டிடுவாங்க."

டோக்கன் நோட்டை மூடி அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். "எழுதல. யார்கிட்டயும் சொல்லவும் மாட்டேன்."

வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்ததும் பிரதர் அவளை நிறுத்தினார். நாளை மறுநாள்தான் அவளுடைய பரீட்சை வகுப்பு.

"மிளகுகிட்ட பேசினியாமே? என்ன சொன்னா?"

"பேசினேன் பிரதர். ஆனா அதைச் சொல்ல மாட்டேன்னு சொல்லியிருக்கேன்."

"அவளுக்கு ஏதாவது ஆபத்தா? வீட்டுல பிரச்சினையா?" அவர் முகம் மாறியது. அதையெல்லாம் கவனிப்பது பயிற்சியில் மூன்றாவது பாடம்.

"அப்படி எதுவும் இல்ல. நல்ல விஷயம்தான்."

"நல்ல விஷயம்னா ஏன் மறைக்கணும்?"

 பதிலுக்கு, ஞாயிற்றுக்கிழமையிலிருந்து மனத்தில் உறுத்திக்கொண்டிருந்ததை டோக்கன் கேட்டுவிட்டாள். "பிரதர், கண்ணை மூடச் சொல்லிட்டு நாம ஏன் பாக்குறோம்?"

பிரதர் கோபப்படுவார் என்று அவள் நினைத்தாள். அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எனக்கு ஒன்பது வயசு அப்போ. அப்பா வீட்டை விட்டுப் போன வாரம். இதே மாதிரி ஒரு வகுப்புல கை தூக்கினேன். எங்க டீச்சர் பாத்தாங்க. வகுப்பு முடிஞ்சதும் பக்கத்துல வந்து உக்காந்தாங்க. ஒண்ணும் கேக்கல. சும்மா உக்காந்தாங்க. அவங்க கண்ணைத் திறந்து பாத்திருக்கலேன்னா என்கிட்ட யார் வந்திருப்பா, சொல்லு?"

 வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவர் சொன்னது சரி என்று பட்டது. மிளகு சொன்னதும் சரி என்று பட்டது. இரண்டும் எப்படிச் சரியாக இருக்க முடியும் என்பது மட்டும் பிடிபடவில்லை. நோட்டில் 'புரியாதது' கட்டம் போதாமல் ஓரத்தில் வளைத்து எழுதினாள்.

சனிக்கிழமை மாலை அண்ணியை உட்காரவைத்து ஒத்திகை பார்த்தாள். அண்ணியின் மடியில் ஐந்து மாதக் குழந்தை.

"கண்ணை மூடிக்குங்க அண்ணி."

"மூடினா தூங்கிடுவேன். பரவாயில்லையா?"

"தூங்கக் கூடாது. நானும் மூடிக்கப் போறேன்."

அண்ணி ஒரு கண்ணைத் திறந்தாள். "நீ எதுக்கு மூடுற?"

"பாக்க மாட்டோம்னு சொல்லிட்டுப் பாக்குறது சரியில்லன்னு தோணுது."

"பதினாலு வாண்டுங்க முன்னாடி கண்ணை மூடிக்கிட்டு நிக்கப் போறியா? பசை அங்கே இருக்குமா?"

"இருக்கும்."

"கத்தரிக்கோல்?"

"அதை முதல்லயே எடுத்து வச்சிடுவேன்."

"போன தடவை கண்ணைத் திறந்து வச்சிருக்கும்போதே படகு மூழ்கிடுச்சு." அண்ணி குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டாள். "அந்தத் தாள்ல எத்தனை பேர்னு கேப்பாங்கன்னு சொன்னியே, அதுக்கு என்ன பண்ணுவ?"

"அதுதான் தெரியல அண்ணி."

"வகுப்பு வேணும்னு மூணு மாசமா உயிரை விடுற. கடைசி நேரத்துல இப்படிக் கிறுக்குத்தனம் பண்ணணுமா?"

அதே கேள்வியைத்தான் டோக்கனும் தன்னைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஞாயிறு காலை துணிப்பலகையில் ஒவ்வொரு உருவத்தின் பின்னாலும் இரட்டிப்பாகச் சொரசொரப்புத் தாள் ஒட்டினாள். ஆடு விழவில்லை. மேய்ப்பன் விழவில்லை. தொலைந்த ஆட்டைத் தேடும் இடத்தில் பிள்ளைகளை மேசைக்கடியில் எல்லாம் தேடவைத்தாள். ஓட்டுநர் உதவிக்கு வந்து, ஜன்னல் திரைக்குப் பின்னாலிருந்து ஆடு மாதிரிக் கத்தினார். கழுதை அளவுக்கு அவருக்கு ஆடு வரவில்லை. பிள்ளைகள் அதற்கும் சிரித்தார்கள். பிரதர் பின்வரிசையில் தலையசைத்தபடி எழுதிக்கொண்டே வந்தார். கதை, வசனம், ஒழுங்கு என்று ஒவ்வொரு பெட்டியாக நிரம்பியது.

பிறகு அழைப்பு.  இப்போதுகூட எல்லாரும் செய்கிற மாதிரியே செய்துவிட்டுப் போகலாம். ஒரு நிமிட வேலை.

"எல்லாரும் கண்ணை மூடிக்குங்க," என்றாள். "இதுவரைக்கும் நாங்க உங்களை மூடச் சொல்லிட்டு, நாங்க மட்டும் பாத்துக்கிட்டு இருந்தோம். அது தப்பு. இன்னைக்கு நானும் மூடிக்கறேன். பின்னாடி இருக்கற பெரியவங்களும் மூடிக்குவாங்க."

பின்வரிசையில் பிரதரின் பேனா நின்றது. பதினான்கு தலைகள் திரும்பி அவரைப் பார்த்தன. அவருக்கு வேறு வழியில்லை. பேனாவைத் தாளின்மேல் வைத்துவிட்டுக் கண்களை மூடிக்கொண்டார்.

"கை தூக்கணும்னு தோணினா தூக்குங்க. தோணலேன்னா சும்மா இருங்க. ரெண்டும் ஒண்ணுதான், நாங்க எண்ணப் போறதில்ல. யாருக்காவது என்கிட்ட ஏதாவது பேசணும்னா, அப்புறம் கைவேலை மேசைகிட்ட உக்காந்திருப்பேன். நீங்களா வரலாம்."

கண்களை மூடினாள்.

கூடம் திடீரென்று பெரிதாகிவிட்ட மாதிரி இருந்தது. ஒரு நாற்காலி கிரீச்சிட்டது. யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். சட்டை சரசரத்தது, வலப்பக்கமா இடப்பக்கமா தெரியவில்லை. மேலே மின்விசிறியின் டக் டக். மிளகு என்ன செய்கிறாள்? ஒரு கண்ணை ஒரு நூலளவு திறந்தால் போதும், தெரிந்துவிடும். இமை துடித்தது. டோக்கன் மனத்துக்குள் துணி அடுக்கத் தொடங்கினாள். வெள்ளைக்கு நீல டோக்கன், பட்டுக்குச் சிவப்பு, கம்பளிக்கு மஞ்சள். அப்படியே சுருக்கமாக ஜெபித்து, ஆமென் சொல்லிவிட்டுத்தான் திறந்தாள்.

பசை டப்பாவின் மூடி கழன்று கிடந்தது. இரண்டு பேர் இடம் மாறி உட்கார்ந்திருந்தார்கள். மற்றபடி யாரும் மூழ்கவில்லை. மிளகு கண்ணைத் திறந்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள், எவ்வளவு நேரமாகவோ. பிறகு போன வாரம் செய்த தன் ஆட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

கைவேலை மேசைக்கு முதலில் வந்தவன் பசை கேட்க வந்தான். இரண்டாவது வந்தவள் பிஸ்கட் எப்போது என்று கேட்டாள். டோக்கனின் முகம் தொங்கிப்போனது. பிரதர் தாளைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டடி தள்ளி நின்றார்.

மூன்றாவதாக நெட்டையன் வந்தான். வந்து நின்றான். காகித ஆட்டின் காதை மடித்தான், விரித்தான்.

"அக்கா, ஒரு தடவை கூப்பிட்டா எத்தனை நாளைக்கு இருப்பாரு?"

"யாரு?"

"இயேசு." அவன் சுற்றும்முற்றும் பார்த்துக்கொண்டான். "ஒவ்வொரு வாரமும் திரும்பக் கேக்குறாங்கல்ல. அப்போ போன வாரம் கூப்பிட்டது தீந்துபோச்சுன்னுதானே அர்த்தம்? சனிக்கிழமை ஆனா எனக்குப் பயமா இருக்கும். ஞாயித்துக்கிழமை காய்ச்சல் வந்து வர முடியாமப் போச்சுன்னா என்ன பண்றது?"

பயிற்சிப் புத்தகத்தில் இதற்குப் பக்கம் இல்லை. டோக்கனுக்கு அது நன்றாகத் தெரியும், முழுவதையும் இரண்டு தடவை படித்திருந்தாள்.

"தீராதுடா," என்றாள். "ஒரு தடவை கூப்பிட்டா வந்துடுவார். போக மாட்டார். உனக்குக் காய்ச்சல் வந்தாலும் போக மாட்டார். நாங்கதான் திரும்பத் திரும்பக் கேட்டு உன்னைக் குழப்பிட்டோம்."

"நிஜமாவா?"

"நிஜமா."

"அப்போ அடுத்த வாரம் தூக்க வேணாமா?"

"வேணாம்."

 அவன் ஒரு பெரிய மூச்சு விட்டான். எட்டு வயதுப் பையன் விடுகிற மூச்சு மாதிரியே இல்லை அது. "சரி," என்று சொல்லிவிட்டு பிஸ்கட் தட்டை நோக்கி ஓடினான்.

டோக்கன் திரும்பிப் பார்த்தாள். பிரதர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்.

பிள்ளைகள் போனபிறகு பிரதரும் ஓட்டுநரும் டோக்கனும் சின்ன நாற்காலிகளில் முழங்கால் மோவாயை இடிக்க உட்கார்ந்தார்கள். பிரதர் தாளை மேசையில் வைத்தார். மற்றப் பெட்டிகள் எல்லாம் நல்ல மதிப்பெண்களோடு நிரம்பியிருந்தன. 'கை உயர்த்தியவர்கள் எத்தனை பேர்' என்கிற பெட்டி மட்டும் வெள்ளையாக இருந்தது.

"இது காலியா இருந்தா தலைமை அலுவலகத்துல தாளையே ஏத்துக்க மாட்டாங்க," என்றார்.

"தெரியும் பிரதர்."

"சைபர் போடவா? விதிப்படி அதுக்கு இடம் இருக்கு. மதிப்பெண் குறையும், ஆனா தேறிடுவ."

டோக்கன் அதை யோசித்தாள்.  "சைபரும் ஒரு எண்ணுதானே பிரதர். எத்தனைன்னு நமக்குத் தெரியாது. சைபர்னு எழுதினா தெரியும்னு ஆயிடும்."

ஓட்டுநர் தொண்டையைக் கனைத்தார். "நான் ஒண்ணு ஒத்துக்கணும். நான் கண்ணை மூடல."

இருவரும் அவரைப் பார்த்தார்கள்.

"வேணும்னு செய்யலம்மா. மூடித்தான் பாத்தேன். இருபது வருஷமா வண்டி ஓட்டுறேன். கண்ணை மூடினா கால் தானா பிரேக்கைத் தேடுது."

"அப்போ எத்தனைன்னு உங்களுக்குத் தெரியும்," என்றார் பிரதர்.

"தெரியும்."

பேனாவின் முனை பெட்டிக்கு மேலே வந்து நின்றது. ஒரே ஓர் எண். அதைச் சொல்லிவிட்டால் தாள் நிறைந்துவிடும், வகுப்பு அவளுக்கு. அதுமட்டுமா? அந்த எண் பதினான்கு என்றால் மிளகும் தூக்கியிருக்கிறாள். அதைத் தெரிந்துகொள்ள அவளுக்கு நாக்கு நமநமவென்றது. தெரிந்துகொண்டால் யாருக்கு என்ன நஷ்டம்?

எண்ணப் போவதில்லை என்று பதினான்கு பேரிடம் சொல்லியாகிவிட்டது.

"சொல்லாதீங்கண்ணே," என்றாள். 

பிரதர் அவளைப் பார்த்தார். ஓட்டுநரைப் பார்த்தார். அவருக்கும் அந்த எண் வேண்டும் என்பது முகத்தில் தெரிந்தது. பேனாவைப் பெட்டியிலிருந்து விலக்கி, "அந்த நெட்டையன் இதுவரைக்கும் எத்தனை தடவை தூக்கியிருக்கான்?" என்று கேட்டார்.

டோக்கன் நோட்டைப் பார்க்கத் தேவையில்லாமலே, "ஆறு," என்றாள். "எண்ண ஆரம்பிச்ச நாள்லேர்ந்து."

"ஆறையும் கூட்டி நான்தான் வாசல்ல ஒட்டினேன்." அவர் பேனாவால் மேசையைத் தட்டினார். "என் டீச்சர் என்கிட்ட வந்தாங்க. நான் அந்தப் பையன்கிட்ட ஒரு தடவைகூடப் போகல. எண்ணிட்டேன், அவ்வளவுதான்."

 பிரதர் பெட்டியை அப்படியே விட்டுவிட்டு, தாளின் அடியில் பொடி எழுத்தில் மூன்று வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார். டோக்கன் தலைகீழாகப் படிக்க முயன்றாள். கை மறைத்தது.

"காலியாவே அனுப்புறேன். காரணத்தையும் எழுதியிருக்கேன். என்ன சொல்லுவாங்கன்னு எனக்குத் தெரியாது. திருப்பி அனுப்பினாங்கன்னா நீ தேறல, ஒண்ணும் பண்ண முடியாது. அடுத்த தொகுதியில முதல்லேர்ந்து வரணும்."

"வரேன் பிரதர்."

"பன்னெண்டு வாரம்."

"வரேன்."

"அதுவரைக்கும் பிள்ளைங்களை..." அவர் மேல்மாடிப் படிக்கட்டைப் பார்த்தார்.

"என் பேர்ல போடுங்க," என்றார் ஓட்டுநர். "நான் தேறினவன்தானே? என் வகுப்பு சாயங்காலம், இது காலையில. பேர் என்னோடது, பாடம் இவளோடது."

"பேர் மட்டும் இருந்தா போதாது. தேறினவர் வகுப்புல இருக்கணும்னு விதி இருக்கு. ஒவ்வொரு வாரமும். உங்க வண்டி?"

"ஞாயித்துக்கிழமை காலை ஷிப்டை மாத்திக்கறேன். மச்சான் ஒருத்தன் எனக்குக் கடன்பட்டிருக்கான், மூணு கல்யாணத்துக்கு அவன் போனப்போ அவன் வண்டியை நான் ஓட்டியிருக்கேன்." அவர் சின்ன நாற்காலியிலிருந்து சிரமப்பட்டு எழுந்தார், நாற்காலியும் கூடவே எழுந்தது. அதைக் கழற்றிவிட்டு டோக்கனைப் பார்த்தார். "ஒரே ஒரு நிபந்தனை. என்னைக் கண்ணை மூடச் சொல்லக் கூடாது."

"மூடத்தான் சொல்லுவேன்," என்றாள் டோக்கன்.